வீணைக்கு ஒரு மின்சாரக் காது

அடுப்பு பற்றவைக்கும் லைட்டருக்கும், கூடத்து மூலையில் உறை போட்டு வைத்திருக்கும் வீணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் சம்பந்தம் இருக்கிறது! லைட்டரை 'டக்'கென்று அழுத்தும்போது உள்ளே ஒரு சின்னஞ்சிறு படிகத்தின் மேல் சுத்தியல் போல ஒன்று விழுகிறது. அந்த அடியில் படிகத்தில் மின்சாரம் பிறந்து பொறியாகத் தெறிக்கிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தக் குணத்தை 1880-ல் பிரான்சில் கண்டறிந்தவர்கள் கியூரி சகோதரர்கள். (ரேடியம் கண்ட மேரி கியூரியின் கணவர் பியர் இவர்களில் ஒருவர்.) இதே ஜாதி வில்லை ஒன்றை வீணையின் பலகையில் ஒட்டிவிட்டால், தந்தி அதிர, பலகை அதிர, அந்த அதிர்வு மின்சாரமாகி ஒயர் வழியே ஸ்பீக்கருக்குப் போகிறது. இதைத்தான் கடையில் 'பிக்கப்' என்கிறார்கள். எங்கள் அன்னவாசல் வீட்டு வீணைக்கு இந்த வருஷம் அதைப் பொருத்தினோம். பொருத்தியது அரை மணி நேர வேலை. அதற்குப் பழகியதுதான் ஒன்றரை மாத வேலை. அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வீணை என் மாமியாருடையது. அத்தைக்கு 71 வயது. எங்கள் தெருவில் அத்தையிடம் ஸரளி வரிசை படிக்காத பெண் குழந்தைகள் குறைவு. இரண்டு வருஷமாக விரல் மூட்டுகளில் வீக்கம். காலையில் காபி டம்ளரைப் பிடிக்கவே சிரமம். "வாசிக்கறதை விட வேண்டாம்மா, ஆனா வலிக்க வலிக்க அழுத்தி மீட்டாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு. ஆனால் வீணையின் நாதம் இயல்பிலேயே அடக்கமானது. மெல்ல மீட்டினால் கூடத்தில் இரண்டாவது வரிசைக்கே எட்டாது. போன நவராத்திரிக்கு அத்தை பாட்டு மட்டும் பாடினார். வீணை உறையை விட்டு வெளியே வரவில்லை. கொலு எடுத்துவைத்த அன்று, பொம்மைகளைத் துணியில் சுற்றிக்கொண்டே, "யாராவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்துடலாமா தாயி?" என்றார். எனக்குத் தொண்டையை அடைத்தது.

வழி சொன்னவன் என் தங்கை மகன். திருச்சியில் கல்லூரியில் படிக்கிறான். எலக்ட்ரிக் கிடார் வாசிக்கிறான். லீவுக்கு வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பிக்கப் போட்டுடலாம் பெரியம்மா" என்றான். அத்தை ஒரே வார்த்தையில், "வீணைக்கு கரண்ட் எதுக்குடா?" என்று முடித்துவிட்டார். பையன் விடவில்லை. "மாண்டலின் ஸ்ரீனிவாஸ்னா உங்களுக்கு உயிராச்சே பாட்டி, அவர் வாசிச்சது என்ன?" என்றான். வாஸ்தவம்தான். 1969-ல் பிறந்து 2014-ல் மறைந்த அந்த மேதை கையில் இருந்தது எலக்ட்ரிக் மாண்டலின். இரட்டை இரட்டையாக இருக்கும் தந்திகளை மாற்றி, ஐந்து ஒற்றைத் தந்திகளாகக் கட்டிக்கொண்டார். அத்தை பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்!

பிக்கப்பில் இரண்டு வகை உண்டு. கிடாரில் இருப்பது பெரும்பாலும் காந்த வகை. காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் உண்டாகும். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம் என்பவர் இப்படிச் செய்த கிடாருக்கு, அதன் உருவத்தைப் பார்த்து 'வாணலி' என்றே பட்டப்பெயர் வைத்தார்களாம். 1937-ல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் வீணைக்கு இந்த வகையில் ஒரு சிக்கல். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தை எடுத்து வீணைத் தந்திகளிடம் கொண்டுபோய்ப் பாருங்கள். சாரணியும் பஞ்சமமும் எஃகு, ஒட்டும். மந்தரமும் அனுமந்தரமும் பித்தளையாக இருந்தால் ஒட்டவே ஒட்டாது. காந்தத்துக்குப் பிடிபடாத தந்தியின் நாதம் காந்த பிக்கப்புக்கும் கேட்காது. அதனால் நாங்கள் தேர்ந்தெடுத்தது லைட்டர் ஜாதி வில்லைதான். வெறும் வில்லை ஒரு கிலோ கத்தரிக்காய் விலைக்கே கிடைக்கும். ஒயர், உறை, ஆம்ப்ளிஃபயர் என்று சேரும்போதுதான் கணக்கு பட்டுச்சேலைப் பக்கம் போகிறது.

முதல் நாள் சத்தம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது! மைக் செட் வைத்திருக்கும் ஒருவர் வந்து ஒயரைத் தன் பெட்டியில் சொருகினார். அத்தை சாரணியை ஒருமுறை மீட்டினார். நகம் தந்தியில் படுகிற 'கிறீச்'சும், விரல் மெட்டுக்கு மெட்டு நகரும் உராய்வும், தாளத் தந்தியின் 'டிக்'கும் பெரிதாக வந்தன. நாதத்தை மட்டும் காணோம். அத்தை வீணையை மடியிலிருந்து இறக்கினார். "இது என் வீணை இல்ல தாயி. தகர டப்பாவுல யாரோ கம்பியால தட்டுறாங்க."

தகர டப்பா ஒலிக்குக் காரணம் இருந்தது. வில்லையில் பிறக்கும் மின்சாரம் மிகவும் நோஞ்சான். சாதாரண மைக்குக்கு உள்ள துளையில் நேரே சொருகினால் கனமான நாதம் எல்லாம் வழியிலேயே வடிந்துபோய், மேல்பக்கத்துக் கீச்சு மட்டும் மிஞ்சும். நடுவே 'ப்ரீ-ஆம்ப்' என்று ஒரு சிறிய பெட்டி வேண்டும். பலவீனமான குழந்தையைக் கைபிடித்து ஆற்றைக் கடத்திவிடுகிற வேலை அதற்கு. அது வந்ததும் மந்தரம் வாயைத் திறந்தது.

அடுத்தது இடம். குதிரையை ஒட்டி வைத்தால் நகச் சத்தம் காதைக் கீறுகிறது. பலகையின் நடுவே வைத்தால் பானைக்குள் பேசுகிற மாதிரி குமுறுகிறது. ஒரு விரற்கடை நகர்த்தினாலே வேறு வீணை! தற்காலிகமாக ஒட்டுவதற்கு வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. வீணையின் 24 மெட்டுகளும் உட்கார்ந்திருப்பதே தேன்மெழுகில்தானே. அதே மெழுகில் ஒரு கொட்டைப்பாக்கு அளவு எடுத்து ஒட்டினோம். உடனே பிடித்துக்கொள்ளும் பசைகளைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். எடுக்கும்போது பாலிஷோடு வரும். தினம் ஓர் இடம், அதே நான்கு ஸ்வரங்கள். அத்தை கூடத்தில் மீட்ட, நான் சமையலறை வாசலில் நின்று கேட்டு, காலண்டர் தாளின் பின்னால் குறித்துக்கொள்வேன். வாசிப்பவரின் காதைவிடத் தள்ளி நின்று கேட்பவரின் காதுதான் இதற்குப் பிரயோஜனம் என்பது என் அபிப்பிராயம். ஐந்தாம் நாள், குதிரையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மந்தரத் தந்திப் பக்கமாக வைத்தபோது நான்கு தந்தியும் ஒரே குடும்பமாகப் பேசின. உங்கள் வீணையில் அது வேறு இடமாக இருக்கலாம். மரத்துக்கு மரம் மாறும்.

நடுவில் அத்தை தினமும் ஒரு குறை சொல்வார். உடனே நான் எதையாவது திருகலாமா என்று பார்ப்பேன். தங்கை மகன் போனிலேயே தடுத்துவிட்டான். கிடாரில் புது பிக்கப் போட்டதும் பலர் செய்வது, சத்தம் பெரிதாக வரட்டும் என்று திருகைத் திருகித் தந்திக்கு மிகவும் கிட்டே தூக்கிவிடுவதாம். "காந்தம் தந்தியையே பிடிச்சு இழுக்கும் பெரியம்மா, நாதம் சீக்கிரம் செத்துடும், சுருதியும் அலையும். நான் நல்லா இறக்கி வெச்சுட்டு, அரைத் திருகு, அரைத் திருகா ஏத்துவேன். ஓரளவு சரியா வந்ததும் ஒரு வாரம் தொடவே மாட்டேன். காது பழகாம எந்தக் குறையும் நிஜக் குறை இல்ல" என்றான். சின்னப் பையன் சொன்னாலும் சரியான பேச்சு. புது மூக்குக்கண்ணாடி போட்ட முதல் வாரம் தரை மேலே எழும்பி வருகிற மாதிரி இருக்கிறதே, அதற்காகக் கண்ணாடிக் கடைக்கு ஓடுகிறோமா? எங்கள் வீட்டிலும் ஒரு வாரம் யாரும் எதையும் தொடக் கூடாது என்று வைத்தேன்.

அந்த வாரத்தில்தான் நிஜமான இடைஞ்சல் எது என்று புரிந்தது. வீணை வாசிப்பவர்கள் காதால் மட்டும் கேட்பதில்லை. குடம் தொடையோரம் அதிர்கிறது, தண்டி இடக்கையில் அதிர்கிறது. நாதம் உடம்பு வழியாகவும் ஏறுகிறது. இப்போது நாதம் எதிர்ச் சுவரிலிருந்து வருகிறது. கை இங்கே, ஒலி அங்கே! "பக்கத்து வீட்டுல யாரோ என் வர்ணத்தை வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று அத்தை சொன்னது அதைத்தான். ஸ்பீக்கரை எதிர்ச் சுவரிலிருந்து எடுத்து அத்தையின் வலப்புறம் இரண்டு முழம் தள்ளி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்தேன். பாதிக் குறை அன்றே போயிற்று. வீணையைப் பார்த்தபடி ஸ்பீக்கரை வைத்தால் அதன் ஒலியே குடத்தை அதிரவைத்து, 'ஊய்' என்று ஊளையிடும்; அதையும் கவனியுங்கள்.

மீதிப் பாதி கையில் இருந்தது. 50 வருஷமாக, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று ஓங்கி மீட்டிய கை அது. வில்லைக்கு அந்த ஓங்கல் வேண்டாம். மெல்லத் தொட்டாலே போதும் என்பதை விரல் நம்ப வேண்டுமே! முதலில் ஸரளி வரிசை மட்டும், பத்து நிமிஷம், அதுவும் பூத்தொடுக்கிற மாதிரி மெதுவாக. இடக்கை விரல் உராய்வுக்கு வழக்கமான தேங்காய் எண்ணெய்ப் பஞ்சு, முன்பைவிட ஒரு தடவை கூடுதலாக. வாசிப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் கை; வலி தெரிந்தால் உடனே நிறுத்தம். மூன்றாவது வாரம் நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது கல்யாணி கேட்டது. தந்தியை இழுத்து விடும்போது நாதம் அறுந்துபோகாமல் கடைசி இழை வரை நின்றது. அந்த இழை, ஓங்கி மீட்டிய காலத்தில்கூட சமையலறை வரை வந்ததில்லை. கடுகு கருகியதைக் கவனிக்கவில்லை. அன்று சாம்பார் எல்லோருக்கும் கசந்தது.

தெருவில் ஒரு பெரியவர், "குடுமியான்மலைக்குப் பக்கத்திலே இருந்துகிட்டு வீணையில ஒயர் மாட்டுறீங்களே!" என்று வருத்தப்பட்டார். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள குடுமியான்மலை சிகாநாதசுவாமி கோயில் பாறையில் 7-ம் நூற்றாண்டுச் சங்கீதக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில், ஏழு பிரிவுகளாக, ஸ்வரக் கோவைகள். எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று அங்கே வரும் தமிழ்க் குறிப்பு தந்திகளின் கணக்கு என்றும், 'பரிவாதினி' என்பது ஒரு வீணையின் பெயர் என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வீணை வேறு, அத்தையின் மடியில் இருப்பது வேறு. 24 மெட்டுகள் நிலையாக அமைந்த இன்றைய உருவம் 17-ம் நூற்றாண்டில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்தில் வந்தது என்பார்கள். கல்லில் வெட்டியதற்கும் தஞ்சாவூர்ப் பலா மரத்துக்கும் நடுவே ஆயிரம் வருஷம்! அத்தையே அவருக்குப் பதில் சொல்லிவிட்டார்: "ஒயர் வெளியிலதானேங்க இருக்கு, உள்ளே அதே மரந்தான்."

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை தூங்கும் நேரம்தான் உங்களுக்குச் சாதகம் செய்ய நேரம். ஒலியைக் குறைத்து, வீணையை மிக மெல்லத் தொட்டு வாசிக்க இது ரொம்ப சௌகரியம். ஹெட்ஃபோன் மாட்டினால் ஜாக்கிரதை; பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது, குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் ஒலி அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயர் பிளக் எர்த் உள்ள மூன்று முனையாக இருக்கட்டும். 'ஹம்' என்ற இரைச்சலுக்கு முதல் சந்தேகம் எர்த் மேல், இரண்டாவது சந்தேகம் மின்சார ஒயரோடு ஒட்டி ஓடும் வீணை ஒயர் மேல். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் வாசித்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி உயரத்தில் மாட்டுங்கள். ஈரக் கையோடு தொடாதீர்கள்.

எங்கள் பெட்டியின் ஒலித் திருகில் இப்போது இரண்டு பொட்டுகள் இருக்கின்றன. அத்தை வைத்தவை. இராத்திரி சாதகத்துக்குச் சந்தனப் பொட்டு, அதற்கு மேல் திருகக் கூடாது. நவராத்திரிக்குக் குங்குமப் பொட்டு. வெள்ளிக்கிழமை துடைக்கும்போது அழிந்துவிட்டால், என்னை வாசலில் நிற்கவைத்து, "கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே, திருகிப் பார்த்து, மறுபடி அதே இடத்தில் வைத்துக்கொள்கிறார்.