மலையிறங்கும் வண்டியின் பிரேக்

தேர்வு முடிந்ததும் மணாலிக்கும் ஸ்பிதிக்கும் வண்டி எடுத்துக்கொண்டு புறப்படுவது தில்லிவாழ் தமிழ் மாணவரிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வாண்டும் நம் சங்கத்து நண்பர்கள் சிலர் ஒரு பழைய தார் வண்டியில் செல்லவிருக்கின்றனர். வண்டிக்குப் பெரிய டயர் வந்தது. கூரைமேல் விளக்கு வந்தது. பாட்டுப் பெட்டியும் வந்தது. முன்சக்கர பிரேக்கின் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. சென்ற வாரம் நான் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கத்துப் பேட்டில் எஞ்சியிருந்தது இரண்டே மில்லிமீட்டர்! இக்கட்டுரை எழுந்த காரணம் அதுதான்.

பௌதிகம் படிப்பவனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நாமக்கல்லில் லாரிப் பட்டறைக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு இவ்விரண்டும் வேறு வேறு அல்ல.

பிரேக் செய்யும் வேலை யாது? வண்டியின் ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் விடுவதே. ஆட்களோடும் மூட்டைகளோடும் 2,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் ஏறக்குறைய 2 லட்சத்து 78 ஆயிரம் ஜூல் வெப்பம் பிறக்கும். இது பெரிதன்று. ஆனால் 3,978 மீட்டர் உயரத்திலுள்ள ரோதங் கணவாயிலிருந்து மணாலிக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,900 மீட்டர் தாழ்கிறோம். அதில் வெளிப்படும் ஆற்றல் 3 கோடியே 70 லட்சம் ஜூல். அதாவது, 130 முறைக்கு மேல் வண்டியை ஓட்டி ஓட்டி நிறுத்துவதற்குச் சமம். குழாய்த் தண்ணீர் 14 லிட்டரைக் கொதிக்கவைத்து முழுதும் ஆவியாக்கிவிட அவ்வெப்பம் போதும்!

இவ்வளவையும் பிரேக்கின் தலையில் சுமத்தினால் அது தாங்காது. கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் லாரி ஓட்டுபவர்கள் சொல்லும் விதி ஒன்றுண்டு: ஏறின கியரிலேயே இறங்கு. எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குபவரின் வண்டியில் நான் ஏறமாட்டேன்.

சூடு மிகுந்தால் பிரேக் இரு வகையாகக் கைவிடும். பேட்டின் பொருள்களைப் பிணைத்திருக்கும் பிசின் கருகி வாயுவை வெளிவிடுவது ஒன்று. அவ்வாயு இடையில் புகுந்துகொள்ள, பெடல் கல்லைப்போல் கெட்டியாக இருக்கும். வண்டி மட்டும் நிற்காது. பிரேக் ஆயில் கொதிப்பது மற்றொன்று. அப்போது பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரையைத் தொடும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி கொதிநிலை வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வளவு 155 ஆகக் குறைந்துவிடுகிறது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றாமல் புதுப் பேட் மட்டும் போடுவது பாதி வேலையே.

இனி, எந்தப் பேட்டை வாங்குவது? காஷ்மீரி கேட் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர், "எல்லாம் ஒன்றுதான், விலைதான் வேறு" என்று என்னிடம் சாதித்தார். ஒன்றல்ல. நார்களும் பிசினும் மிகுந்த ஆர்கானிக் வகை ஓசையின்றி இயங்கும். டிஸ்கையும் அதிகம் தேய்க்காது. ஆனால் சூட்டில் விரைவில் சோர்ந்துவிடும். செராமிக் வகை தூசு குறைவாகத் தரும், நகரத்துக்கு நல்லது. இரும்புத் தூளும் எஃகு நாரும் கலந்த செமி மெட்டாலிக் வகை கொஞ்சம் கிறீச்சிடும். டிஸ்கையும் சற்று மிகுதியாகத் தேய்க்கும். எனினும் வெப்பத்தைத் தாங்கும். சுமையேற்றி மலையிறங்கும் வண்டிக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

பேட்டின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் குறியீட்டின் கடைசியில் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது மிதமான சூட்டிலும், இரண்டாவது மிகுந்த சூட்டிலும் உள்ள உராய்வுக் கெழுவைக் குறிப்பன. 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.55 வரை. 'எஃப் இ' என்றிருப்பது சூட்டில் தளர்வது. 'எஃப் எஃப்' அவ்வளவாகத் தளராதது. கடையில் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்துகள் இவையே.

டிஸ்கின் செய்தி வேறு. அதன் மீது குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். விளிம்பு தேயாமல் வரம்புபோல் நிற்பதால் வெர்னியரை வைத்தால் பொய்யான அளவே கிடைக்கும். நம் ஆய்வுக்கூடத்துத் திருகு அளவியால் உள்பரப்பில் பல இடங்களில் அளந்து பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவுவது வீண்; மாற்றியே ஆக வேண்டும். துளையிட்ட டிஸ்க் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் துளைகளில் சேறு அடைகிறது. அங்கிருந்தே வெடிப்பும் தொடங்குகிறது. காட்டுப்பாதைக்குத் துளையற்ற சாதாரண டிஸ்கே போதும்.

அந்தப் பெரிய டயரைப் பற்றியும் ஒரு சொல். ஆரம் பத்து விழுக்காடு கூடினால், அதே பெடல் அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்துவிசை ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு குறையும். நெம்புகோல் தத்துவம்தான்!

மாற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமதளத்தில் பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நட்டுகளைச் சற்றே தளர்த்தியபின் ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்குக. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை நீட்டாதீர். காலிப்பரைக் கழற்றியதும் ஹோசில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுக. பழைய தூசை ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். புது டிஸ்கின் எண்ணெய்ப் பூச்சைக் கிளீனரால் கழுவி, ஹப்பின் துருவையும் சுரண்டி எடுக்க வேண்டும். அங்கே ஒரு துகள் இருந்தாலும் டிஸ்க் ஆடிக்கொண்டே சுழலும். காலிப்பரின் வழுக்கு ஊசிகளைத் துடைத்து அதற்குரிய கிரீஸ் இடுக. நம் வண்டியில் உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருந்ததற்கு இறுகிப்போன ஊசியே காரணம். பிஸ்டனைப் பின்னே தள்ளுகையில் ஆயில் டப்பா நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்க. அது பெயிண்டைத் தின்றுவிடும். பேட்டுகளை இடம் வலம் இரண்டிலும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பெடலைக் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இராது. பட்டறை வாசலிலேயே சுவரில் மோதியவர்கள் உண்டு. பின்னர் வெறிச்சோடிய சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துக்கு, முழுதும் நிறுத்தாமல், இடைவெளி விட்டு எட்டுப் பத்துமுறை வேகத்தைக் குறைத்துப் பழக்குக. பேட்டின் மெல்லிய படலம் டிஸ்கில் சீராகப் படிய இது வேண்டும். புறப்படும் நாளுக்கு முதல்நாள் இரவில் அன்று, ஒரு வாரம் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. ஞாயிறு காலை விடுதியின் பின்புறம் திருகு அளவியோடு இருப்பேன். கைகொடுக்க இருவர் வந்தால் பிற்பகலுக்குள் முடித்துவிடலாம்.