உங்களுக்குத் தெரியுமா? சர்க்கரை வியாதியும் இரத்தக் கொழுப்பும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரை வியாதிக்கான மாத்திரையை நோயாளியின் வாசலுக்கே கொண்டு சேர்க்கும் உத்தமமான திட்டம். ஆயினும் அவ்வியாதி சர்க்கரையோடு நில்லாமல் தேகத்தில் கொழுப்பின் போக்கையும் மாற்றிவிடுகிறது என்பதைப் பலர் அறியார்.

இன்சுலின் குன்றினாலும், அதன் ஆணைக்குத் திசுக்கள் இணங்காது போனாலும், சேமிப்பில் இருந்த கொழுப்பு அமிலங்கள் கட்டின்றி வெளிப்பட்டுக் கல்லீரலை அடைய, அங்கே அவை டிரைகிளிசரைடாக உருமாறி இரத்தத்தில் பெருக, அதன் விளைவாக நன்மை செய்யும் எச்.டி.எல். குறைந்து, எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்ந்து, நாளங்களின் சுவரில் எளிதில் ஊடுருவும் தன்மையைப் பெறுகின்றன. மொத்தக் கொலஸ்ட்ரால் சரியான அளவில் இருக்கும்போதே இந்தக் கேடு உள்ளே நடந்துகொண்டிருக்கலாம். ஆகையால் முழு லிப்பிட் பரிசோதனை மிகவும் அவசியம்.

தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பிரதேசங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், எச்.டி.எல். குறைந்தவர் நூற்றுக்கு 72 பேர்; மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவரோ 14 பேரே.

இன்சுலின் சிகிச்சை முறையாக நடக்குமாயின், டிரைகிளிசரைடைச் சிதைக்கும் லைப்போபுரோட்டீன் லைபேஸ் என்னும் நொதி மீண்டும் ஊக்கம் பெற, கல்லீரலுக்குப் பாயும் அமிலங்களும் அடங்கி, டிரைகிளிசரைடு தணிகிறது. எல்.டி.எல். அவ்வளவாகத் தணிவதில்லை, அதனாலேயே சர்க்கரை கட்டுக்குள் வந்த பின்னும் வைத்தியர்கள் பலருக்கு ஸ்டாட்டின் மாத்திரையைச் சேர்த்துத் தருகிறார்கள்.