உங்களுக்குத் தெரியுமா? தியேட்டரை மிஞ்சிய கடை வசூல்

2006-இல் வெளியான பிக்ஸார் நிறுவனத்தின் ‘கார்ஸ்’ அனிமேஷன் படம் உலகெங்கும் திரையரங்குகளில் ஈட்டியது சுமார் 46 கோடி டாலர். அதன் பெயரில் விற்ற பொம்மை, புத்தகப் பை, போர்வை வகையறாக்கள்? ஐந்தே ஆண்டுகளில் கிட்டத்தட்ட 1,000 கோடி டாலர்! படமே பொம்மைக்கு விளம்பரமோ என்று தோன்றுகிறதா? தப்பில்லை.

● ‘கார்ஸ் 2’ (2011) விமர்சகர்களிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனாலும் படத்தொடர் நிற்கவில்லை.

● 2012-இல் படத்தில் வரும் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ஊரையே கலிபோர்னியாவின் டிஸ்னி பூங்காவில் கட்டிவிட்டார்கள். பரப்பு 12 ஏக்கர். பந்தயக் காரில் நாமும் ஏறிச் சுற்றலாம்.

● முதல் படத்தில் வரும் கிழட்டு கார் டாக் ஹட்சனுக்குக் குரல் தந்தவர் ஹாலிவுட் நடிகர் பால் நியூமேன். நிஜத்திலும் கார் பந்தய வீரர். 2008-இல் காலமானார். ஆனாலும் ‘கார்ஸ் 3’ (2017) படத்தில் பேசுகிறார்: முதல் படத்துக்காகப் பதிவுசெய்து, பயன்படுத்தாமல் வைத்திருந்த ஒலித்துண்டுகள் கைகொடுத்தன.

● கார் போதாதென்று விமானமும் வந்தது. நேரடியாக வீடியோவில் வெளியிடத் திட்டமிட்ட ‘பிளேன்ஸ்’ படம், 2013-இல் தியேட்டருக்கே பறந்தது. அடுத்த ஆண்டே அதற்கும் இரண்டாம் பாகம்!