பாதியாகக் குறைந்தால் போதுமா? சிறுநீரக நோயாளரும் பராதைரொயிட் சத்திரசிகிச்சையும்

பீலெஃபெல்ட்டிலோ அயல் நகரொன்றிலோ வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வரும் எம்மவர் ஒருவருக்கு 'நேபன்ஷில்ட்ரூஸ' சத்திரசிகிச்சை என்று கடிதம் வந்தால், வீட்டில் எழும் முதற் கேள்வி 'பழுதானது சிறுநீரகம், கழுத்தை ஏன் வெட்டுகிறார்கள்?' என்பதாகவே இருக்கும். அந்த ஜேர்மன் சொல்லுக்குக் கேடயச் சுரப்பியின் அருகிலிருப்பது என்று பொருள். தைரொயிட்டை நாமும் ஊரில் கேடயச் சுரப்பி என்றுதான் படித்தோம். அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் அரிசிமணியளவான சுரப்பிகளே, பெரும்பாலும் நான்கு, பராதைரொயிட். அயலவர் என்பதைத் தவிர தைரொயிட்டின் வேலையுடன் அவற்றுக்குத் தொடர்பில்லை.

சிறுநீரகம் செயலிழக்கையில் பொஸ்பேற்று உடலில் தேங்குகிறது, விற்றமின் டி செயல்வடிவம் பெறுவது குறைகிறது, கல்சியம் தாழ்கிறது. அதை ஈடுசெய்ய இச்சுரப்பிகள் ஓமோனைப் பெருக்கி எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் நான்கும் வீங்கி எதற்கும் அடங்காதவையாகின்றன. எலும்பு நோவு, ஓயாத சொறிவு, இரத்தக்குழாய்களில் சுண்ணாம்புப் படிவு என்று விளைவுகள் தொடரும். மருந்து பலருக்கு உதவுகிறது, உதவாதபோதே கத்தி.

இச்சத்திரசிகிச்சையை 1925இல் வியன்னாவில் முதன்முதல் செய்தவர் பீலிக்ஸ் மண்டல். எலும்புருகிய ஒரு ட்ராம் நடத்துநருக்கு ஓமோன் போதவில்லை என்றெண்ணி அவர் முதலில் இன்னொருவரின் சுரப்பியை ஒட்டிப் பார்த்தார், பயனில்லை. பிறகே கழுத்தைத் திறந்து கட்டியை அகற்றினார். யூதரான மண்டல் 1938இல் நாட்டைவிட்டு ஜெருசலேத்துக்குப் போக நேர்ந்தது என்பதும் எமக்கு நினைவிருக்கத்தக்கது.

எவ்வளவு அகற்றினால் போதும் என்பது அன்றும் இன்றும் சிக்கலான கேள்வி. ஐந்தாவது சுரப்பியொன்று நெஞ்சின் மேற்பகுதியில் தைமஸுக்குள் ஒளிந்திருக்கலாம். இந்த ஓமோன் இரத்தத்தில் சில நிமிடங்களே நிலைப்பது இங்கு கைகொடுக்கிறது. வெட்டுமுன் ஒரு தடவையும், சுரப்பிகளை எடுத்துப் பத்து நிமிடத்தின் பின் இன்னொரு தடவையும் இரத்தம் எடுத்து, நோயாளி மேசையில் இருக்கும்போதே அளந்துவிடலாம். அளவு பாதிக்குமேல் குறைந்தால் வெற்றி என்ற விதி 1990களில் பரவியது.

ஆனால் அந்த விதி ஒற்றைக் கட்டியும் நல்ல சிறுநீரகமும் உள்ளவர்களுக்காக வகுக்கப்பட்டது. டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் அளவு 1600 பிக்கோகிராம் என்று வைப்போம். பாதியானால் 800, வழமையான உச்சமோ ஏறத்தாழ 65! மேலும், வழக்கமான பரிசோதனைகள் ஓமோனின் உடைந்த துண்டுகளையும் சேர்த்தே எண்ணுகின்றன. அவற்றை வெளியேற்றவேண்டியது சிறுநீரகம். அதுதான் இங்கே இல்லை. எனவே எல்லாம் சரியாக அகற்றப்பட்டிருந்தாலும் எண் மெதுவாகவே இறங்கும். இதனால் பலர் இருபது நிமிடம் காத்து, 80 அல்லது 90 வீத வீழ்ச்சியை எதிர்பார்க்கிறார்கள். எல்லோரும் ஏற்கும் எல்லைக்கோடு கிடையாது. என் கருத்தில் இந்த எண் ஒரு சாட்சியம் மட்டுமே. நான்கு சுரப்பிகளையும் கண்ணால் கண்ட சத்திரசிகிச்சை நிபுணரின் வாக்குமூலம் அதற்கு நிகரானது.

மிச்சம் வைத்தால் நோய் திரும்பலாம். முழுவதும் எடுத்தால் எலும்பின் புதுப்பிப்பே மந்தமாகிவிடும் என்ற அச்சமுண்டு. முழுவதும் அகற்றுவதையும், அகற்றியபின் ஒரு துண்டை முன்கையில் பதிப்பதையும் ஒப்பிட்ட, 100 நோயாளர் பங்கேற்ற ஜேர்மன் ஆய்வொன்று 2016இல் வெளியானது. இரண்டும் பாதுகாப்பானவையாகவே தோன்றின. ஆயினும் அது முன்னோடி ஆய்வு, தீர்ப்பல்ல. சிறுநீரக மாற்றுக்குக் காத்திருப்பவர் இவ்விடயத்தைத் தம் வைத்தியருடன் கட்டாயம் பேசவேண்டும்.

புதிதாக வந்தோருக்கு இன்னொரு தடையுமுண்டு. 1993ஆம் ஆண்டின் அகதிகள் உதவிச் சட்டம், முதற் காலத்தில் கடும் நோயையும் வலியையுமே நேரடியாக உள்ளடக்குகிறது. அக்காலம் 2024இல் 18 மாதத்திலிருந்து 36 ஆக நீட்டப்பட்டது. பிற்போடக்கூடியது என்று ஓர் அதிகாரி கருதக்கூடிய சத்திரசிகிச்சை இது. எலும்பு நோவையும் ஓமோன் அளவுகளையும் வைத்தியர் கடிதத்தில் விரிவாக எழுதச் சொல்வது ஆகவே முக்கியம்.

சத்திரசிகிச்சையின் பின், பட்டினி கிடந்த எலும்பு கல்சியத்தை வேகமாக உறிஞ்சும். உதடும் விரல்களும் விறுவிறுத்தால் தாதியிடம் 'கிரிபெல்ன்' என்ற ஒரு சொல் போதும். விடியட்டும் என்று பொறுத்திருக்கக் கூடாது. முன்கையில் துண்டு பதித்திருந்தால், எந்தக் கை என்பதை வீடு திரும்பும்போது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் அதே கையில் இரத்தமெடுத்தால் ஓமோன் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும்.