கிரீடத்தைப் பாருங்க, வருஷம் தெரியும்

முதல் உலகப்போரில் சண்டை போட்ட ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் கொள்ளுப்பேரனிடம் பல நேரம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கருப்பு வெள்ளை போட்டோதான். தாத்தா எந்தப் படைப்பிரிவு, எந்த வருஷம் எடுத்த படம், எதுவும் தெரியாது. அரசாங்க ரெக்கார்டில் தேடலாமே என்று கேட்பீங்க. 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் லண்டன்மேல் குண்டு போட்டபோது அந்த ரெக்கார்டுகள் இருந்த கிடங்கு தீப்பிடித்தது. பாதிக்கும் மேல் போயே போச்சு. அந்தக் குடும்பத்துக்கு மிச்சம் இருக்கும் துப்பு, போட்டோவில் தொப்பிமேல் தெரியும் ஒரு சின்ன உலோகத் துண்டு. அதுதான் கேப் பேட்ஜ்.

யாருடைய பேட்ஜ் என்று கண்டுபிடிப்பது பெரிய கஷ்டமில்லை. ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் தனி டிசைன், நிறைய பேட்ஜில் பெயரே எழுதியிருக்கும். எந்தக் காலத்தது என்பதுதான் நிஜமான கேள்வி, ஏன்னா தயாரித்த வருஷத்தை யாரும் அதில் போடுவதில்லை. ஒவ்வொரு அடையாளமும் இந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரை என்று ஒரு ரேஞ்ச் கொடுக்கும். எல்லா ரேஞ்சும் எங்கே ஒன்றோடொன்று பொருந்துகிறதோ, அங்கேதான் பதில்.

முதலில் கிரீடம். 1901-ல் விக்டோரியா மகாராணி இறந்த பிறகு, ஏழாம் எட்வர்டிலிருந்து ஆறாம் ஜார்ஜ் வரை வந்த மன்னர்கள் காலத்தில் ட்யூடர் கிரீடம். அதன் வளைவு கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி மேலே எழும்பி நிற்கும். 1952-ல் எலிசபெத் ராணி வந்த பிறகு செயின்ட் எட்வர்ட் கிரீடம், வளைவு நடுவில் குழி விழும். சேகரிப்பவர்கள் சுருக்கமாக கிங்ஸ் கிரவுன், குயின்ஸ் கிரவுன் என்பார்கள். ஆனா ராணி பதவிக்கு வந்த மறுநாளே எல்லார் தொப்பியும் மாறிடாது. முன்னே பின்னே ஓரிரு வருஷம் விட்டுக் கணக்குப் போடுங்க.

இப்போ நம்ம ஆளுங்க பேட்ஜ் ஒன்றை எடுப்போம். ராயல் எலக்ட்ரிக்கல் அண்ட் மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ். (கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் மன்னிக்கவும்.) இந்தப் பிரிவு 1942-ல்தான் ஆரம்பித்தது. உலக உருண்டைமேல் குதிரை நிற்க, பின்னால் மின்னல் வெட்டும் டிசைன் வந்தது 1947-ல். அப்போ குதிரையும் கிங்ஸ் கிரவுனும் சேர்ந்திருந்தால்? 1947-லிருந்து 1950-களின் தொடக்கம் வரை, மொத்தமே அஞ்சாறு வருஷம்.

ஒரு சிக்கல் இருக்கு. 2022-ல் மூன்றாம் சார்லஸ் மறுபடியும் ட்யூடர் கிரீடத்தையே தேர்ந்தெடுத்தார். ஆகவே கிங்ஸ் கிரவுன் இருப்பதாலேயே அது பழசு என்று இனி யாரும் சொல்ல முடியாது. மெட்டீரியலைப் பார்த்தாக வேண்டும்.

பழைய பேட்ஜ்கள் பெரும்பாலும் பித்தளை, சிலதில் பித்தளையோடு நிக்கல் கலந்த வெள்ளை உலோகமும் உண்டு. 1916-ல் நிக்கலை மிச்சப்படுத்த, இரண்டு நிறத்தில் இருந்த சில பேட்ஜ்களை முழுப் பித்தளையில் அடித்தார்கள். இரண்டாம் உலகப்போரில் உலோகமே தட்டுப்பாடாகி பிளாஸ்டிக்கில் செய்தார்கள். 1950-களில் அனோடைஸ் செய்த அலுமினியம் வந்தது. பாலிஷே போட வேண்டாம், எப்பவும் பளபள. சிப்பாய்க்கு நிம்மதிதான், ஆனா எனக்கென்னவோ அது சாக்லேட் பேப்பர் மாதிரிதான் தெரியுது.

ராயல் இன்ஜினியர்ஸ் பேட்ஜ் இன்னும் வசதி. நடுவில் ஆளும் அரசரின் பெயர் எழுத்துகளே இருக்கும். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910–1936, ஆறாம் ஜார்ஜ் என்றால் 1936–1952. இடையில் எட்டாம் எட்வர்ட் ஆண்டது பதினொரு மாதம்கூட இல்லை. அவர் எழுத்தோடு ஒரு பேட்ஜ் விலைக்கு வந்தால், ஆசைப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்க.

போலிகள் ஏராளம். வொர்க்‌ஷாப் போனவர்களுக்கு ஒரு அட்வான்டேஜ் உண்டு: பேட்ஜைத் திருப்பிப் பாருங்க. சிப்பாய்களுக்கான பேட்ஜ்கள் தகட்டை டையில் வைத்து அடித்தவை. முன்பக்கம் மேடாக இருக்கும் இடம் பின்பக்கம் பள்ளமாக இருக்கும். காஸ்டிங் போலியில் பின்பக்கம் சொரசொரப்பாக, சின்னச் சின்ன ஓட்டைகளோடு இருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். ஆனால் டையில் அடித்தது என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீங்க. புதுசா டை செய்தோ, பழைய டையை வைத்தோ பின்னாளில் அடித்து விட்டவையும் சந்தையில் உண்டு. அவற்றைப் பிடிக்க, ஒரிஜினல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எழுத்தின் கூர்மையையும் எடையையும் ஒப்பிட வேண்டும்.

போட்டோவில் பின்பக்கமும் கிடையாது, எடையும் கிடையாது, உருவம் மட்டும்தான். அதுவும் சில சமயம் போதும். குறுக்காக வைத்த இரண்டு இயந்திரத் துப்பாக்கி, மேலே கிரீடம் தெரிந்தால் அது மெஷின் கன் கோர். 1915-ல் தொடங்கி 1922-ல் கலைக்கப்பட்ட பிரிவு, ஆகவே போட்டோவும் அந்த ஏழு வருஷத்துக்குள்தான். அதே ஆள் இன்னொரு போட்டோவில் வேறு ரெஜிமென்ட் பேட்ஜோடு நின்றால் குழம்பாதீங்க. பல பட்டாலியன்களிலிருந்து ஆட்களை எடுத்துத்தான் அந்தப் பிரிவையே கட்டினார்கள். எந்த போட்டோ முதலில் எடுத்தது என்பதுகூட இப்போ உங்களுக்குத் தெரிந்திருக்கும்.