புற ஊதா-பெராக்சைடு ஆக்சிசனேற்றம்

புற ஊதா-பெராக்சைடு ஆக்சிசனேற்றம் என்பது நீரில் கரைந்துள்ள கரிம மாசுபொருட்களை, ஐதரசன் பெராக்சைடு, புற ஊதாக் கதிர் ஆகியவற்றின் கூட்டுச் செயலால் சிதைக்கும் நீர்த் தூய்மிப்பு முறை ஆகும். இது உயர்நிலை ஆக்சிசனேற்ற முறைகளுள் ஒன்று. வண்டல் படிய வைத்தல், மணல் வடிகட்டல், குளோரின் இடுதல் போன்ற வழக்கமான முறைகளுக்கு அகப்படாத பூச்சிக்கொல்லிகள், மருந்து எச்சங்கள், தொழிற்சாலைக் கரைப்பான்கள் முதலியவற்றை நீக்க இம்முறை பயன்படுகிறது. இதன் திறன் நீரின் பி.எச். மதிப்பைப் (காரகாடித்தன்மைச் சுட்டெண்) பெரிதும் சார்ந்துள்ளது. ஒரே விளக்கும் ஒரே அளவு பெராக்சைடும் கொண்ட இரு நிலையங்கள், நீரின் அமிலத்தன்மை வேறுபடுவதனால் மட்டுமே மிக வேறுபட்ட விளைவுகளைத் தரக்கூடும்.

செயற்படும் முறை

தாழ் அழுத்தப் பாதரச விளக்குகள் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை வெளியிடுகின்றன. இக்கதிரை உட்கவரும் ஐதரசன் பெராக்சைடு மூலக்கூறு நடுவில் உடைந்து இரண்டு ஐதராக்சில் இயங்குறுப்புகளைத் தருகிறது. இவை மிக வலிமையான ஆக்சிசனேற்றிகள். எதிர்ப்படும் கரிமப் பொருள்கள் பெரும்பாலானவற்றுடன் உடனுக்குடன் வினைபுரிந்து அவற்றைச் சிறு மூலக்கூறுகளாகவும், வினை நீடித்தால் கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் மாற்றுகின்றன.

இயங்குறுப்புகள் மாசுபொருளைத் தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லை. நீரிலுள்ள பிற பொருட்களும் அவற்றைக் கவர்ந்துகொள்கின்றன. இவ்வாறு கவரும் பொருட்கள் துடைப்பான்கள் எனப்படும். பி.எச். மதிப்பின் தாக்கம் பெரும்பாலும் இத்துடைப்பான்களின் வழியாகவே நிகழ்கிறது.

பி.எச். மதிப்பின் தாக்கம்

பெராக்சைடின் அயனியாதல்

ஐதரசன் பெராக்சைடு ஒரு வலிகுறைந்த அமிலம். பி.எச். மதிப்பு ஏறத்தாழ 11.6 ஆக உள்ளபோது அதில் பாதி ஐதரோபெராக்சைடு அயனியாக இருக்கும். இவ்வயனி 254 நானோமீட்டர் கதிரைப் பெராக்சைடு மூலக்கூறைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக உட்கவரும். ஆகவே காரத்தன்மை கூடினால் வினை விரைவுபடும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் இதே அயனி, ஐதராக்சில் இயங்குறுப்பைப் பெராக்சைடு மூலக்கூறைக் காட்டிலும் சுமார் 280 மடங்கு வேகத்தில் கவர்ந்து அழிக்கிறது.

எடுத்துக்காட்டாக, பி.எச். 10-இல் பெராக்சைடில் ஏறத்தாழ 2.5% மட்டுமே அயனி வடிவில் இருக்கும். இதனால் பெராக்சைடு ஒளியை உட்கவரும் திறன் சுமார் 30% கூடுகிறது. அதேவேளை பெராக்சைடால் இயங்குறுப்புகள் கவரப்படும் வேகம் ஏழு மடங்குக்கும் மேலாகிறது. மேலும், காரக் கரைசலில் பெராக்சைடு தானாகவே நீராகவும் ஆக்சிசனாகவும் சிதைந்து வீணாகிறது. பி.எச். 8 அல்லது அதற்குக் கீழ் இவ்விழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று.

கார்பனேட்டுகள்

இயற்கை நீர் அனைத்திலும் கார்பன் டைஆக்சைடு கரைந்துள்ளது. பி.எச். 6.3-க்குக் கீழ் இது பெரும்பாலும் கரைந்த வளிமமாகவும், 6.3 முதல் 10.3 வரை பைகார்பனேட்டாகவும், அதற்கு மேல் கார்பனேட்டாகவும் இருக்கும். கரைந்த வளிமம் இயங்குறுப்புகளை ஏறக்குறையக் கவர்வதில்லை. பைகார்பனேட்டு ஓரளவு கவரும். கார்பனேட்டு அதைவிட 40 மடங்குக்கும் மேலான வேகத்தில் கவரும். கடின நீரில் மாசு நீக்கம் மந்தமாவதற்கு இதுவே முதன்மையான காரணங்களுள் ஒன்று. அமிலம் சேர்த்து இத்தடையைக் குறைக்கலாம்.

மாசுபொருளின் வடிவம்

பல மாசுபொருட்கள் தாமே அமிலமாகவோ காரமாகவோ இருப்பதால், பி.எச். மதிப்பிற்கேற்ப அவற்றின் வடிவம் மாறுகிறது. ஃபீனால் பி.எச். 10-க்கு மேல் பெரும்பாலும் ஃபீனேட்டு அயனியாகிறது. இவ்வயனி இயங்குறுப்புகளுடன் சற்று விரைவாக வினைபுரியும். எனினும், இதனால் கிடைக்கும் ஆதாயத்தை மேற்கூறிய இழப்புகள் பெரும்பாலும் விஞ்சிவிடுகின்றன. 1,4-டையாக்சேன் போன்று அயனியாகாத பொருட்களுக்கு இவ்விளைவு இல்லை.

மிகை அமிலத்தின் தீமை

பி.எச். மதிப்பு குறையக் குறைய நன்மையே என்று கொள்ளலாகாது. குளோரைடு அயனி இயங்குறுப்புடன் வினைபுரிந்து உருவாகும் இடைநிலைப் பொருள், நடுநிலை நீரில் மீண்டும் பிரிந்து இயங்குறுப்பைத் திருப்பித் தந்துவிடும். வலிய அமில நிலையில் அது குளோரின் அணுவாக மாறிவிடுகிறது. ஆகவே உப்பு மிகுந்த கழிவுநீரில் அமிலம் சேர்ப்பது எதிர்பார்த்த பயனைத் தராமற் போகலாம். ஐதரோகுளோரிக் அமிலத்தைக் கொண்டு பி.எச். மதிப்பைக் குறைத்தால் குளோரைடின் அளவும் கூடும். குழாய் அரிமானம், பின்னர் நடுநிலையாக்கும் செலவு ஆகியனவும் கருதத்தக்கவை.

நடைமுறைப் பயன்பாடு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2008-இல் இயங்கத் தொடங்கிய ஆரஞ்சு கவுண்டி நிலத்தடி நீர் மீள்நிரப்புத் திட்டத்தில், தூய்மிக்கப்பட்ட கழிவுநீர் நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல் ஆகியவற்றுக்குப் பின் புற ஊதா-பெராக்சைடு முறைக்கு உட்படுத்தப்படுகிறது. சவ்வுகளில் உப்புப் படிவதைத் தடுக்க நீரில் முன்னதாகவே அமிலம் சேர்க்கப்படுகிறது. சவ்வு பைகார்பனேட்டைத் தடுத்துவிடுகிறது. கார்பன் டைஆக்சைடு வளிமம் ஊடுருவி விடுகிறது. எனவே விளக்குகளை அடையும் நீர் சற்று அமிலத்தன்மையுடனும் துடைப்பான்கள் மிகக் குறைந்தும் உள்ளது. சுண்ணாம்பு இட்டு நீரின் பி.எச். மதிப்பை உயர்த்துவது ஒளிவினைக்குப் பின்னரே செய்யப்படுகிறது. இவ்வரிசை மாறினால் அதே அளவு மாசினை நீக்க மிகுதியான மின்னாற்றலோ பெராக்சைடோ தேவைப்படும்.

நெதர்லாந்தின் ஆண்டைக் நகரில் 2004-இல் அமைக்கப்பட்ட நிலையம் ஏரி நீரிலுள்ள பூச்சிக்கொல்லிகளை இம்முறையால் நீக்கியது. எஞ்சிய பெராக்சைடை நீக்க, ஒளிவினைக்குப் பின் நீர் கிளர்வுற்ற கரி வழியாகச் செலுத்தப்பட்டது.

ஃபென்டன் முறையுடன் ஒப்பீடு

இரும்பு உப்பையும் பெராக்சைடையும் பயன்படுத்தும் ஃபென்டன் முறை பி.எச். 3-ஐ ஒட்டியே சிறப்பாகச் செயற்படும், பி.எச். உயர்ந்தால் இரும்பு ஐதராக்சைடாக வீழ்படிந்துவிடும். புற ஊதா-பெராக்சைடு முறைக்கு இத்தகைய குறுகிய எல்லை இல்லை. மென்மையான அமில நிலையிலிருந்து நடுநிலை வரை இது பயன்தரும். இரும்புச் சேறும் உண்டாவதில்லை. குடிநீர்த் தூய்மிப்புக்கு இது ஏற்றதாக இருப்பதற்கு இவையே காரணங்கள்.

இவற்றையும் பார்க்க

ஐதரசன் பெராக்சைடு
காரகாடித்தன்மைச் சுட்டெண்
எதிர்ச் சவ்வூடு பரவல்
நீர் மாசடைதல்