சோழவரத்தில் விழுந்த ஆசை

பெண்களுக்கு ஆசை என்றால் பட்டுப் புடவை, வைரத்தோடு, மிஞ்சிப் போனால் ஒரு காசி யாத்திரை, அவ்வளவுதான் என்று யார் தீர்மானித்தார்களோ தெரியவில்லை. எனக்கும் புடவை பிடிக்கும், தோடும் பிடிக்கும். ஆனால் பன்னிரண்டு வயசிலிருந்து என் மனசில் சட்டமாக உட்கார்ந்திருந்தது ஒரு கார். அதுவும் இரண்டே கதவு வைத்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. போன வருஷம், என் 64-ஆவது வயசில், அதை வாங்கியே விட்டேன்.

"பாட்டி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்காங்களாம்!" என்று எங்கள் தெருவில் ஒரே பேச்சு. என் மகன் மட்டும், "அம்மா, இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லாதீங்க. நம்ம வீட்டு வாசல்ல நிக்கிற சின்ன கார் இதைவிட வேகமா ஓடும்" என்கிறான். வாஸ்தவம்தான். 948 சி.சி. எஞ்சின், எத்தனை வேகம் போய்விடும்! ஆனால் அவனுக்கு ஒரு விஷயம் சொன்னேன். 1962-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் அசல் ஸ்போர்ட்ஸ் கார், இல்லையா? அது இந்த ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கிச் செய்ததுதான். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிச்செலோட்டி என்ற ஒரே இத்தாலியர். அக்கா அம்பாசிடர் மாதிரி அடக்கமாக இருந்தால் தங்கை துடுக்காக இருக்கக் கூடாதா? பையன் வாயடைத்துப் போனான்.

இந்த ஆசை வந்த இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், அந்த நாட்களில் கார் பந்தயம் நடக்கும். (இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை வந்தது 1990-ல்தான்.) எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தடவை என் தாய்மாமா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வெயில், புழுதி, காதைப் பிளக்கும் சத்தம். அண்ணன்மார் வேறு ஏதேதோ பெரிய வண்டிகளைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் பட்டது வளைவில் குறுக்கி ஒடித்துத் திரும்பிய ஒரு குட்டி ஹெரால்டு. பந்தயம் முடிந்ததும் அதன் முன்பக்கம் முழுவதையும், விளக்கு, மட்கார்டு எல்லாவற்றோடும், முதலை வாயைத் திறக்கிற மாதிரி முன்னால் சாய்த்துத் திறந்தார்கள். எஞ்சின் அப்படியே வெட்டவெளியில்! சமையலறை அலமாரியைத் திறந்தது போல எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில். அன்றைக்கு முடிவு செய்தேன்.

இன்னொரு சந்தோஷம், அது நம் ஊர்க் கார். டிரயம்ப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. 1961-லிருந்து அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தாம்பரத்தைத் தாண்டி, வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தார்கள். பிற்பாடு நான்கு கதவு வைத்து வந்தது. குடும்பத்துக்கு அது சௌகரியம். எனக்கு வேண்டியது பழைய இரண்டு கதவு.

ஆசை இருந்தால் போதுமா? கல்யாணமாகி வந்த வீட்டில் சைக்கிளுக்கே யோசனை. 1985-ல் தையல் மெஷின் வாங்கி அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைக்க ஆரம்பித்தேன். அந்தப் பணத்தில் போஸ்டாபீஸில் ஒரு ஆர்.டி. அது மூன்று தடவை நிறைந்தது, மூன்று தடவையும் வேறு வழியில் போயிற்று. முதல் தடவை மகனின் காலேஜ். அடுத்தது பெண் கல்யாணம். மூன்றாவது, மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஆபரேஷன். எதற்கும் நான் வருத்தப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் புது பாஸ் புக்கில் முதல் தவணை கட்டும்போது 'இது காருக்கு' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்களே!

நாலாவது ஆர்.டி. முதிர்கிற நேரம் பார்த்து என் வீட்டுக்காரருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைக்கும்படி ஆயிற்று. போச்சுடா என்று நினைத்தேன். நல்லவேளை, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கைகொடுத்தது. அதன் பிறகும் ஒரு வருஷம் பொறுத்தேன். ஆறு மாசக் குடும்பச் செலவையும் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு தொகையையும் தனியே எடுத்து வைத்தேன். அது போக மிஞ்சியதுதான் காருக்கு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 'கிழவிக்கு வந்த கிறுக்கு' என்று நினைப்பவர்களுக்குக் கணக்குக் காட்டத்தான்.

இவரிடம் சொன்னபோது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உன் பணம், என்னைக் கேக்கணுமா?" என்றார். இதையே நாற்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்!

விசாரித்து விசாரித்துக் கோயமுத்தூரில் ஒரு 1966-ஆம் வருஷத்து வண்டி இருப்பதாகத் தகவல் வந்தது. ஆகாய நீலம். சொந்தக்காரர் இறந்து பதினோரு வருஷம். அவர் மனைவிக்கு 78 வயசு. வாசலில் வரவேற்றுக் காப்பி கொடுத்தபின் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "வண்டி யாருக்குங்க, பையனுக்கா?"

"எனக்குத்தாம்மா."

"ஓட்டத் தெரியுமுங்களா?"

"முப்பது வருஷமா ஓட்டறேன்."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வாரம் தவறாம டிரைவரை வரச்சொல்லி ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கறனுங்க. எனக்கு ஒருக்கா ஓட்டக் கத்துக் குடுங்கன்னு அவருகிட்ட கேட்டேன். 'உனக்கெதுக்கு அம்மணி அதெல்லாம்'னுட்டாரு. காயலாங்கடைக்குப் போட்டுரலாம்ங்கறான் பையன். எனக்கு மனசு வரலீங்க."

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். நாலு தெரு சுற்றினோம். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கோயில் தேரில் போகிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார். 2,40,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். "சீட்டு கிழிஞ்சு கெடக்குது. நல்லதாத் தெச்சுப் போடுங்க." சீட்டு உறை நானே தைத்தேன். ரெக்ஸினுக்கு 18-ஆம் நம்பர் ஊசி வேண்டும், மெஷினை மெதுவாகத்தான் மிதிக்க வேண்டும்.

பழைய கார் வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு இரண்டு மூன்று விஷயங்கள் சொல்லியாக வேண்டும். முதலில் காகிதம். ஆர்.சி. புத்தகம் இறந்தவர் பெயரிலேயே இருந்தது. அப்படியே வாங்கிவிடாதீர்கள். வாரிசுச் சான்றிதழ் வைத்து 31-ஆம் படிவம் கொடுத்து அந்த அம்மாள் பெயருக்கு மாற்றி, அதன் பிறகு 29, 30-ஆம் படிவங்களில் என் பெயருக்கு மாற்றினோம். மூன்று மாசம் ஆயிற்று. இன்ஷூரன்ஸையும் மறக்காமல் நம் பெயருக்கு மாற்ற வேண்டும்.

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு 'வின்டேஜ்' என்று ஒரு தனிப் பதிவு கொண்டுவந்தது. பெருமைதான், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இப்படிப்பட்ட காரியங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம், வழக்கமாக ஓட்டக் கூடாது. நான் ஓட்டத்தானே வாங்கினேன்! ஆகவே சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொண்டேன். வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அடுத்தது மெக்கானிக். ஹெரால்டு தெரிந்த ஒருவர் அகப்பட்டது என் அதிர்ஷ்டம். எழுபது வயசு, கண்ணாடி போடாமல் நூல் கோக்கிற கண். பெயின்ட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடியில் படுத்து, சேஸிஸை ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்திப் பார்த்தார். வெளியே பளபளப்பு, உள்ளே துரு என்பதுதான் பழைய வண்டிகளின் பெரிய வியாதி. முன்சக்கரம் திரும்புகிற இடத்தில் ட்ரனியன் என்று ஒரு மூட்டு உண்டு. "இதுக்கு கிரீஸ் வெக்கறவன் வண்டியைத் தொடக் கூடாது. கியர் ஆயில்தான் ஊத்தணும். காஞ்சுதுன்னா ஒரு நாள் ஒடிஞ்சு சக்கரமே சாஞ்சிடும்" என்றார். நம் மூட்டுகளுக்கும் இப்படி ஒரு எண்ணெய் இருந்தால் தேவலை.

அப்புறம் பெட்ரோல். இந்தக் காரைச் செய்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். எஞ்சின் வால்வுகள் உட்காரும் இடம் தேயாமல் அது காப்பாற்றியது. ஆனால் அதே ஈயம் புகையாக வந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. 2000-ஆம் வருஷம் பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான், நல்ல காலம்! காருக்குத்தான் கெட்டியான வால்வு சீட்டுகள் போட வேண்டியிருந்தது. இப்போது 20 சதவிகிதம் எத்தனால் கலந்து வருகிறது. அது பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும் என்று எல்லாவற்றையும் மாற்றினார். பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும் சமாசாரம், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ரிப்பேருக்கு மட்டும் 1,15,000 ஆயிற்று.

என் உடம்பையும் மெக்கானிக்கிடம் காட்டினேன், அதாவது டாக்டரிடம். 55 வயசுக்கு மேல் லைசென்ஸ் ஐந்தைந்து வருஷமாகத்தான் புதுப்பிப்பார்கள், டாக்டர் சான்றிதழும் வேண்டும். கண்புரை ஆபரேஷனை முடித்துக்கொண்ட பிறகே கார் பார்க்கப் போனேன். இந்த வண்டியில் சீட்டு தாழ்வு, பிரேக்கைப் பலமாக மிதிக்க வேண்டும். தொடைக்குப் பலம் வர, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னார் டாக்டர். காலையில் பத்து, மாலையில் பத்து. காருக்காக ஆரம்பித்தது, இப்போது மாடிப்படி ஏறுவதும் சுலபமாக இருக்கிறது. பவர் ஸ்டியரிங் கிடையாது. இருந்தாலும் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் சந்தில் புதுக் கார்க்காரர்கள் முன்னும் பின்னும் அல்லாடும்போது நான் ஒரே ஒடிப்பில் திரும்பிவிடுகிறேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு எனக்குப் பன்னிரண்டு வயசு!

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் காலத்து வண்டிகளில் உள்ள பாதுகாப்பு எதுவும் இதில் இல்லை. முன் சீட்டுகளுக்கு பெல்ட் கிடையாது. வெறும் தகட்டில் மாட்டாமல், சேஸிஸோடு சேர்த்துப் பட்டை வைத்துப் புதிதாகப் பொருத்தினோம். பின்னால் ஒன்றுமில்லை, தலைக்கு அணையும் இல்லை. என் பேரனுக்கு மூன்று வயசு. அவன் நின்ற வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கலாம், ஸ்டியரிங்கைத் திருப்பலாம். ஓடும்போது ஏற்றுவதில்லை. அவன் அழுதான், மருமகள் கூட, "ஒரு ரவுண்டுதானே அத்தை" என்றாள். முடியாது என்றால் முடியாது. அவனுக்கு அவன் அப்பா காரும் அதில் அவன் சீட்டும் இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ரோடு காலியாக இருக்கும்போது எடுத்துக்கொண்டு போவேன். இவரும் கூட வருகிறார். காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் வருகிறார்.

கோயமுத்தூர் அம்மாள் வாரம் ஒரு தடவை போன் செய்கிறார். என்னை விசாரிப்பதற்கு முன்னால், "ஸ்டார்ட் பண்ணி, போனை அது கிட்டக் காட்டுங்க" என்பார். அடுத்த மாசம் மகள் வீட்டுக்குச் சென்னை வருகிறாராம். சென்ட்ரலுக்கு வேறு எந்த வண்டியும் வரக் கூடாது, நீலக் கார்தான் வர வேண்டும் என்று உத்தரவு. பெட்டி ஒன்றுக்கு மேல் கொண்டு வரவேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.